முப்பத்தொன்றாம் எண்

ஐப்பசி பிறந்துவிட்டால் பதுளையில் துணி சீக்கிரம் காயாது. காகிதமும் அப்படித்தான். அம்பலவாணர் ஐயாவின் மேசையில் விரித்த படம் சுருண்டுகொண்டே இருக்கும். நான்கு மூலைக்கும் கல் வைப்பது என் முதல் வேலை.

ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், நிலம் அளக்கும் சேர்வேயராக இருந்து ஓய்வுபெற்றவர். எங்கள் புடவைக்கடைக்கு மேல்வீட்டில் குடியிருந்தார். மகள் ஞானேஸ்வரி அக்கா படிப்பிக்கப் போய்விடுவதால் பகலில் அவருக்குத் துணை வேண்டியிருந்தது. என்னை எட்டாம் வகுப்போடு நிறுத்தியிருந்தார்கள். யாரிடமும் பேசாத பெண், தொந்தரவு இராது என்று அப்பா அனுப்பிவைத்தார்.

அது செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட பழைய படம். கடலோரக் கோட்டை நகரம் ஒன்றை எதிரிகள் வளைத்திருக்கிறார்கள். ஊரின் பெயர் இருந்த மூலையைக் கறையான் தின்றுவிட்டது. ஐயாவுக்கு வலக்கண் போய்விட்டது. இடக்கண்ணில் புகைபோலக் கொஞ்சம் தெரிந்தது. நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துச் சொல்வேன், அவர் பொருள் சொல்வார். கோணல்மாணலாக மதிலை நெருங்குவது எதிரி வெட்டிய குழி. நேராக வெட்டினால் பீரங்கிக் குண்டு அதன் வழியே வந்துவிடுமாம். கடலில் நிற்கும் கப்பல்கள் வழியை அடைக்க வந்தவை. உள்ளே இருந்தவர்கள் முதலில் உதவி என்றே நினைத்திருப்பார்கள் என்றார்.

படத்தில் இடங்களுக்கு எண் போட்டு, அடியில் அந்நிய மொழியில் விளக்கம் இருந்தது. எழுத்தெழுத்தாக நான் சொல்ல, அவர் அர்த்தம் கண்டுபிடித்தார். முப்பத்தொன்று, தண்ணீர் வாசல். படத்துக்குள் அந்த எண் எங்கேயும் இல்லை. ஏழு மாதம் அந்த ஊர் தாக்குப்பிடித்ததாக அடியில் எழுதியிருந்தது; அது அந்த வாசலால்தான் என்று ஐயா நம்பினார்.

“வடிவாப் பார் பிள்ளை. செதுக்கினவன் மறந்திருக்க மாட்டான்.”

பல நாள் தேடினேன். கடைசியில், “காணும், இனிப் போதும், சுருட்டி வை” என்றார். சுருட்டினால் நான் கீழே போய்விட வேண்டும்.

“இருக்குங்க ஐயா. கடல் பக்கத்து மதில்ல, சின்னதா.”

அவர் படத்தை விரலால் தடவினார். பிறகு, “உன்னைப் பள்ளிக்கூடத்தாலை மறிச்சவன் மடையன். கொப்பர் எண்டாலும் சொல்லுவன்” என்று என் அப்பாவையும் சேர்த்துச் சொன்னார். அதற்குமுன் யாரும் என்னைப் பாராட்டியதில்லை.

அடுத்த வாரம் டாக்டர் வந்தார். தையில் புதுக் கண்ணாடி வரும், வாசிக்கவும் முடியும், அதுவரை காலையும் மாலையும் சொட்டுமருந்து தவறக்கூடாது, தவறினால் இடக்கண்ணும் போய்விடும் என்றார்.

“கண்ணாடி வந்த உடனை முதல் அந்த வாசலைத்தான் பார்ப்பன்” என்றார் ஐயா.

மருந்து விடும் பொறுப்பு என்னுடையது. மருந்தைப் பின்புறக் கழிவுநீர்க் கானில் ஊற்றிவிட்டுக் குப்பியில் தண்ணீர் நிரப்பினேன்.

“மருந்து விட்டனியே?” என்று அக்கா வந்ததும் கேட்பார்.

“விட்டேங்க அக்கா.”

ஒருநாளும் நேரம் தவறவில்லை.

மார்கழிக் கடைசியில் ஒரு காலை, ஜன்னல் நிறைய வெயில் இருந்தபோது, ஐயா விளக்கை ஏற்றச் சொன்னார்.

கண்ணாடி சொன்னபடி வந்தது. அதைப் போட்டுக்கொண்டு படத்தின் முன் உட்கார்ந்தார். “என்ரை விரலைப் பிடிச்சு அதிலை வை பிள்ளை” என்றார். வெறும் மதிலின்மேல் வைத்தேன். அவர் சிரித்தார். அக்கா அழுதுகொண்டே டாக்டரை ஏசினார்.

இப்போது நான் காலையிலிருந்து பொழுது சாயும்வரை அங்கேதான். அவருக்குக் கெடுதல் செய்ய நான் நினைத்ததே இல்லை. கண்ணில் கிருமி போய்விடக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து, ஆறவைத்துத்தான் அந்தக் குப்பியில் ஊற்றினேன்.