தரைக்கு ஒன்று, காலுக்கு ஒன்று

இந்த ஸ்டேஷன் மேஜையைத் துடைத்தவருக்கு அவசரம் போலிருக்கிறது, ஐயா. மருந்தைத் தெளித்த கையோடு காய்ந்த துணியால் இழுத்துவிட்டிருக்கிறார். வாசம் வரும், அவ்வளவுதான். மருந்து கொஞ்ச நேரம் ஈரமாக நின்றால்தான் கிருமி சாகும். என் கடைக்கு வருகிற எல்லோருக்கும் இதைச் சொல்லித்தான் அனுப்புவேன்.

கிருமிநாசினி விற்பது என் தொழில். "நல்லதா ஒண்ணு குடுங்க" என்பார்கள். எதற்கு என்று கேட்காமல் கொடுக்க மாட்டேன். கழிவறைக்கு பிளீச்சிங் கரைசல், அதுவும் சோப்புப் போட்டு அழுக்கை எடுத்த பிறகு. கைப்பேசிக்கு ஸ்பிரிட் தொட்ட துணி போதும். எதையாவது ஊற்றினால் கருவி போச்சு. கொழுந்தியாள் எனக்கு வைத்த பெயர் பினாயில் மாமா. வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கையில் தூக்கிப் பிடித்து, "இத எதுல முக்கணும் மாமா?" என்பாள். நான்கூடச் சிரித்துவிடுவேன். என் மனைவி சிரிக்க மாட்டாள்.

அவள் படியில் உருண்டு விழுந்தபோது கையில் பெட்டி இருந்தது. தங்கையோடு போய் இருக்கப் போவதாக முதல் நாள்தான் சொல்லியிருந்தாள். "மூச்சு முட்டுதுங்க இந்த வீட்ல" என்றாள். ஜன்னலைத் திறந்தால் தூசி வரும் என்று எத்தனை முறை சொன்னாலும் அவளுக்குப் புரிந்ததில்லை. கணுக்காலுக்கு மேலே சதை கிழிந்திருந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் நான்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கட்டுப் போட்ட நர்சம்மா தெளிவாகத்தான் சொன்னார். "காய்ச்சி ஆறின தண்ணியில கழுவுங்க. வேற எதையும் ஊத்திடாதீங்க. ஆறிட்டா பழையபடி நடப்பாங்க."

நடப்பாள் என்று எனக்கும் தெரியும். எங்கே நடப்பாள் என்பதும் தெரியும். பயமாக இருந்தது, ஐயா. அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

காயத்தின் ஓரத்தில் புதுத் தோல் இளஞ்சிவப்பாக வரும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். தரைக்கு ஊற்றுகிற மருந்துக்குக் கிருமி எது, புதுத் தோல் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. எனக்குத் தெரியும். தினமும் கடைக்குக் கிளம்புமுன் கதவைச் சாத்திவிட்டுக் கண்ணும் கருத்துமாகக் கழுவினேன்.

"எரியுதுங்க. தண்ணி மட்டும் போதும்னாங்களே."

"எரிஞ்சாத்தான் சுத்தமாகும். கால ஆட்டாத."

தங்கையைக் கூப்பிட வேண்டும் என்று அவள் கைப்பேசியை எடுத்தாள். அதையும் வாங்கிச் சுத்தம் செய்தேன். ஸ்பிரிட் தொட்ட துணியால் அல்ல. பெட்டியை மட்டும் அவள் கண்ணில் படும்படி அலமாரி மேல் வைத்து, தூசி படியாமல் துடைத்துவந்தேன்.

பார்க்க வந்த நர்சம்மா அசந்துபோனார். "வீட்ட இவ்ளோ சுத்தமா வச்சிருக்கீங்க. அப்புறம் ஏன் ஆற மாட்டேங்குது?" அவர் போன பிறகு மனைவி வெகுநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு எரிகிறது என்று சொல்வதை நிறுத்திவிட்டாள். ஜன்னலை மட்டும் கேட்டாள். திறக்கவில்லை.

கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கொழுந்தியாள் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். அன்று செருப்பைக் கழற்றவில்லை. என் கையில் இருந்த புட்டியைப் பார்த்தாள்.

"மாமா, அது தரைக்கு ஊத்துறதுதானே?"

ஆமாம் என்றேன். பொய் சொல்லிப் பழக்கமில்லை.

ஆஸ்பத்திரியில் கறுத்துப்போன காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்களாம். என்னை உள்ளே விடவில்லை. ஆற விடாமல் செய்தது நான்தான், தெரிந்தேதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவள் திரும்பி வரும்போது சக்கர நாற்காலியில் வருவாள், இல்லையா? சக்கரம் தெருவின் அழுக்கையெல்லாம் உள்ளே கொண்டுவந்துவிடும். ரப்பரை அரிக்காத மருந்து ஒன்று இருக்கிறது. கடையில் அவளுக்கென்று ஒரு புட்டியைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.