கால் பார்க்க வந்தவள்

— இன்னும் கொஞ்சம் பொக்கு பிள்ளே. முட்டு வரைக்கும் சேலையப் பொக்கு.

— நாகம்மையக்கா, கால் கழுவணும்னுதான கிணத்தடிக்குக் கூட்டிட்டு வந்திய?

— கால் கழுவுறது ஒரு சாக்கு, கேட்டியா. பொண்ணு பாக்க வந்தா மாப்பிள்ளைக்க அக்காகாரி பொண்ணுக்க காலைப் பாத்துட்டுத்தான் பலகாரத்துல கை வைப்பா. நாளைக்கு மந்து வந்து காலு வீங்கிச்சுன்னா, ஆனைக்காலுகாரியக் கொண்டு போயி எந்தக் கோயில்ல கட்டுறது?

— சரிதான். பாருங்க. நல்லாப் பாருங்க. வீங்கியிருக்கா?

— அய்ய! இதென்ன எளவு, செவப்பும் நீலமுமா நூலு நூலா, சிலந்தி வலை கெட்டுன மாதிரி? தாணம்மை டீச்சரே, காலுல மேப்பு வரைஞ்சு வச்சிருக்கியோ?

— ஆமா, நம்ம திருக்கொச்சி ராச்சியத்துக்க மேப்பு. சொதந்திரம் வந்த வருசம் ஸ்கூல்ல வேலைக்குச் சேந்தேன். எட்டு வருசமா காலைல இருந்து நாலு மணி வரைக்கும் நின்னே பாடம் எடுக்கேன். நின்ன காலுல நரம்பு தெரியும். அதுக்குப் பேரு மந்து இல்ல.

— நின்னா நரம்பு வருமாம்! வயல்ல நாத்து நடுத பொம்பளைய எல்லாம் படுத்துக்கிட்டா நடுதாளுவ?

— அவளுவளுக்க காலு சேத்துக்குள்ள இருக்கு. பொக்கிப் பாக்க அங்க ஒருத்தியும் வரல்ல.

— வாயி நீளம். வயசும் அதுக்குத் தக்கன. இருவத்தெட்டா?

— இருவத்தேழு. உங்க தம்பிக்கு முப்பத்தஞ்சு. அவருக்க காலை யாரு பாத்தா?

— ஆம்பளைக்கு எதுக்குட்டி காலு? கச்சேரில குமாஸ்தா. நாற்காலில இருந்து எழுத கை இருக்கு, போதும்.

— சரிதான்.

— சலம்பாம நான் சொல்லுததக் கேளு. வைத்திய ஆசான்கிட்ட போயி அட்டை விடு. கெட்ட ரத்தத்த உறிஞ்சிரும்.

— விட்டாச்சு. ஆறு அட்டை. வயிறு நெறையக் குடிச்சுட்டு விழுந்தது. நரம்பு அப்பிடியே இருக்கு, அதுக்கு மேல கடிச்ச தழும்பு ஆறு.

— தைலம்?

— மூணு மாசம் தேச்சேன். தெருவுல போனா நாயி பின்னால வருது.

— அப்பம் ஊசி. நரம்புக்குள்ள மருந்து ஏத்துவா. உள்ளுக்குள்ள கரிஞ்சு ஒட்டிப்போவும். பொறவு துணியச் சுத்தி இறுக்கிக் கெட்டுவா, பத்து நாளைக்கு அவுக்கப்பிடாது.

— அதுக்குத் திருவனந்தபுரம் வரைக்கும் போனேன். லேடி டாக்டரு, 'நோய்க்கு வந்தியா, அழகுக்கு வந்தியா'ன்னு கேட்டா. ஊசி போட்டா இந்த நூலு வத்தும், ஆனா தவிட்டு நெறத்துல கறை நிக்கும், நின்னு வேலை செஞ்சா பக்கத்துல புதுசு வரும்னா. ராத்திரி பத்து மணிக்கு ரத்தம் எடுத்தும் பாத்தா. மந்துக்க கிருமி ராத்திரிதான் ரத்தத்துல வருமாம். ஒண்ணும் இல்ல. சீட்டு இருக்கு, காட்டவா?

— சீட்டு! வெளிய முத்தத்துல கூடியிருக்க பொம்பளையளுக்குச் சீட்டு வாசிக்கத் தெரியுமா? நான் போயி 'மந்து'ன்னு ஒரு வார்த்தை சொன்னா, அந்திக்குள்ள கோட்டாறு வரைக்கும் போயிரும், கேட்டியா. ஒனக்கு மட்டுமா? ஒனக்குக் கீழ ஒருத்தி இருக்காளே செண்பகம், அவளுக்க காலையும் சேத்துத்தான்.

— அக்கா, என்னைய வேண்டாம்னு சொல்லுங்க. கருப்பு, வயசு கூடுதல், வாயாடி, என்னத்த வேணும்னாலும் சொல்லுங்க. அந்த ஒத்த வார்த்தைய மட்டும் சொல்லாதிய. செண்பகத்துக்கு இப்பத்தான் பத்தொம்பது.

— பாத்தியா, சத்தம் எறங்குது. இவ்வளவுதானா ஒனக்க படிப்பு?

— தங்கச்சிக்காகக் கெஞ்சுதேன். மத்தபடி உங்களப் பாத்தா எனக்கு அருவருப்பாத்தான் இருக்கு. அடுத்தவளுக்க சேலையப் பொக்கிப் பாக்கதுக்கு ஊரு விட்டு ஊரு வந்திருக்கிய. அது கெடக்கட்டும், பத்து நாளு அவுக்கப்பிடாதுங்கது வரைக்கும் சொன்னியளே, அந்த ஊசியப் பத்தி உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

— போட்டுக்கிட்டதுனால தெரியும். ரெண்டு காலுலயுமா பதினாலு ஊசி. இந்தா, நானும் பொக்குதேன். பாரு.

— அக்கா... இதே நூலு!

— அதே நூலு. ஒங்க டாக்டரு சொன்ன கறையும் உண்டு. என்னையப் பொண்ணு பாக்க வந்தப்பம் எனக்கும் பத்தொம்பதுதான். நாள் பூரா நெல்லு குத்தி நின்ன காலு. இதே மாதிரி கிணத்தடிக்குக் கூட்டிட்டுப் போயி ஒருத்தி பாத்தா. பாத்துட்டு முத்தத்துல நின்னு 'மந்து, மந்து'ன்னு சத்தம் போட்டா. இருவது வருசம் ஆச்சு. வீங்கிச்சா? பிடிச்சுப் பாரு பிள்ளே. வீங்கவும் இல்ல, ஒருத்தனும் வரவும் இல்ல. தம்பிக்குச் சோறு பொங்கிட்டுக் கெடக்கேன்.

— எந்தப் பாவி அது?

— தனக்க தம்பிக்குப் பொண்ணு கேட்டு எங்க ஊரு தோவாளைக்கு வந்தவ. ஒனக்க அம்மை.

— பொய்! அம்மைக்கு உங்கள அடையாளமே தெரியல்லியே. சிரிச்சுக்கிட்டுத்தான காப்பி கொண்டாந்து தந்தா?

— அவ எனக்க காலைத்தான பாத்தா, மொகத்த எங்க பாத்தா? போயி அவளக் கூட்டிட்டு வா. வந்து இன்னைக்காவது எனக்க மொகத்தப் பாக்கட்டும். பாத்துட்டு, முத்தத்துல போயி நான் ஒன்னயப் பத்தி என்ன சொல்லணும்னு அவளே சொல்லட்டும்.