நாவல் நிறத் தண்ணீர்

எனக்கு எதையும் வீணாக்குவது பிடிக்காது. வருகிற கடித உறைகளைப் பிரித்து, உள்பக்கம் வெளியே வரத் திருப்பி ஒட்டி, மறுபடி பாவிக்கிற ஆள் நான். இந்தத் தாள்களைக் கொண்டுவந்து தந்த சிறைக் காவலரிடம் இரண்டு பக்கமும் எழுதலாமா என்று கேட்டேன். அவர் சிரித்தார். சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

நீதவான் அவர்களுக்கு என்னைத் தெரியும். ஆனாலும் முறைப்படி எழுதிவிடுகிறேன். பெயர் சோமசேகரம், வயது ஐம்பத்தெட்டு. மலாயாவில் ஒரு தங்கச் சுரங்கத்தின் பரிசோதனைச் சாலையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்துவிட்டு, மூன்று வருடத்துக்கு முன் பென்சனோடு ஊர் திரும்பியவன். இணுவிலுக்கு மேற்கே இரண்டு கட்டைத் தூரத்தில் எனக்குக் கல்வீடு உண்டு. மனைவி மீனாம்பிகை. ஒரே மகள் அருந்ததி.

என் வக்கீல் நல்ல மனிதர். "ஐயா, நீங்கள் ஒண்டும் எழுத வேண்டாம், கதைக்கவும் வேண்டாம். எல்லாம் தெரியாமல் நடந்ததெண்டு நான் சொல்லிக்கொள்ளுறன்" என்றார். பொலிசார் என் வீட்டில் எடுத்த கொப்பியில் தேதியும் இலக்கங்களும் மட்டும்தான் இருக்கின்றன. அவை மழை அளவு என்று சொல்லப்போகிறாராம். ஆடி மாதத்தில் எங்கள் வலிகாமப் பகுதியில் என்ன மழை? நான் கடுமையாகக் கோபப்படுகிற ஆள் இல்லை. ஆனால் அன்று இரவுச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. ஆகவே அந்த இலக்கங்கள் என்ன என்பதை நானே எழுதுகிறேன்.

முதலில் தொழிலைச் சொல்ல வேண்டும். சுரங்கத்தில் தாதுக்கல்லை இடித்துத் தங்கம் எடுத்த பிறகு மிஞ்சும் மண்ணை மலையாகக் குவித்து வைத்திருந்தார்கள். அதில் ஒன்றும் இல்லை என்றுதான் பழைய ஆட்கள் நினைத்தார்கள். நான் போய்ச் சேர்ந்த காலத்தில் அந்த மண்ணையே சயனைட் கரைத்த தண்ணீரில் ஊறவைத்து, கண்ணுக்குத் தெரியாத தங்கத்தை அந்தத் தண்ணீருக்குள் வரச்செய்து, பிறகு துத்தநாகச் சீவலில் படியவைத்துப் பிரித்தார்கள். கறுப்புச் சேறு போல வரும். உருக்கினால் மஞ்சளாகும். முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. எறிந்த பொருளுக்குள் இவ்வளவு இருந்ததா என்று நினைத்தேன்.

யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு வந்து தட்டார் பட்டறைகளைப் பார்த்ததும் எனக்கு அதே மண்மலைதான் நினைவுக்கு வந்தது. பட்டறைக் குப்பையை அரிப்புக்காரர் வாங்கி, தண்ணீரில் அரித்து, பெரிய துகள்களை எடுத்துக்கொண்டு மிச்சத்தை வாய்க்காலில் கொட்டிவிடுவார்கள். தங்கம் உருக்கி உடைந்த மூசைகள், அடுப்புச் சாம்பல், வேலைசெய்யும்போது உட்காரும் பாய் எல்லாம் குப்பைக்குத்தான் போகும். நான் அந்த மிச்சத்தைக் கேட்டேன். பட்டறைக்காரர் தம்பிராசாப் பத்தர் தன் ஆட்களுக்கு முன்னால் வைத்தே, "மலாயா ஐயா, எங்கடை விளக்குமாறையும் கொண்டுபோறியளோ?" என்றார். ஓம் என்றேன். உண்மையிலேயே கொண்டுவந்து எரித்துப் பார்த்தேன். அந்த விளக்குமாற்றிலும் தங்கம் இருந்தது.

அருந்ததிக்கு இருபத்தெட்டு வயது. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இடது கால் கொஞ்சம் சூம்பிவிட்டது. வந்த சம்பந்தங்கள் எல்லாம் அவள் நடந்து வந்து தேத்தண்ணி வைத்ததோடு போய்விடும். கடைசியாக இணுவிலில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் அமைந்தார். மாப்பிள்ளை வீட்டார் காலைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. நகையைக் கண்ணால் பார்த்த பிறகு நாள் வைக்கலாம் என்று மட்டும் சொன்னார்கள். என் பிள்ளை அன்று முழுக்கப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு திரிந்தாள். அவளைப் பெற்றதுக்குப் பிறகு நான் அவ்வளவு சந்தோஷப்பட்ட நாள் வேறு இல்லை. ஆவணியில் நல்ல முகூர்த்தம் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் கொட்டில் போட்டு, மூன்று மரப்பீப்பாய்களும் சயனைட்டும் வாங்கி வேலையைத் தொடங்கினேன்.

மூசைத் துண்டுகளை உரலில் இடித்துத் தந்தவள் யசிந்தா. பின்வளவுக்கு அப்பால், பனைகளுக்கு நடுவே ஏழு குடும்பங்கள் இருக்கின்றன. எல்லாரும் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர், ஆண்கள் மரமேறுகிறவர்கள். யசிந்தாவின் புருஷன் யாகோப்பு. இரண்டு பெண்பிள்ளைகள். அந்த ஏழு வீட்டுக்கும் ஒரே கிணறுதான். எங்கள் கிணறுகளில் அவர்கள் அள்ளக்கூடாது. அது நான் போட்ட சட்டம் இல்லை, ஊர் வழக்கம். மத்தியானம் மீனாம்பிகை செம்பிலிருந்து ஊற்ற, யசிந்தா கையை ஏந்திக் குடிப்பாள். அதை நான் தடுத்ததே இல்லை.

தங்கம் எடுத்த பிறகு பீப்பாயில் தண்ணீர் மிஞ்சும். அதைத் திரும்பப் பாவிக்க முடியாத நிலை வரும்போது எங்கேயாவது ஊற்றத்தான் வேண்டும். என் வளவின் கோடியில் தூர்ந்துபோன பழைய கிணறு ஒன்று இருந்தது. அதில் ஊற்றினேன். பட்டப்பகலில், எல்லாரும் பார்க்கத்தான் ஊற்றினேன். மறைக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை என்பதை நீதவான் அவர்கள் கவனிக்க வேண்டும்.

எங்கள் நிலம் சுண்ணாம்புக் கல். அடியில் எல்லாம் பொந்தும் வெடிப்பும்தான். நிலாவரைக் கிணற்றில் போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்று சனம் சொல்லும். அது கதை. ஆனால் தண்ணீர் கல்லுக்குள் நடக்கும் என்பது கதை இல்லை. தூர்ந்த கிணற்றிலிருந்து அந்தக் குடும்பங்களின் கிணறு அறுபது யார், அதாவது அறுபது கஜத் தூரம். சுண்ணாம்பு எந்த விஷத்தையும் முறித்துவிடும் என்று நான் நினைத்ததாக வக்கீல் சொல்லப்போகிறார். நினைக்கவில்லை. சுரங்கத்தில் சயனைட் ஆவியாகிப் போகாமல் தண்ணீருக்குள்ளேயே நிற்பதற்கு நாங்கள் சேர்த்ததே சுண்ணாம்புதான். இது எனக்குத் தெரியாது என்று யாராவது சொன்னால் அது என் இருபத்தாறு வருட உழைப்பை அவமதிப்பதாகும்.

தெரிந்ததனால்தான் அளந்தேன். பொறுப்புள்ளவன் அப்படித்தான் செய்வான். வாரத்தில் இரண்டு நாள் காலையில் ஒரு போத்தலோடு அவர்கள் கிணற்றடிக்குப் போவேன். யாகோப்பு அள்ளித் தருவான். கொண்டுவந்து துளித்துளியாக மருந்து விட்டுச் சோதித்து, சயனைட் அளவைக் கொப்பியில் எழுதுவேன். முதல் மூன்று வாரம் ஒன்றும் இல்லை. நாலாம் வாரம் தடயம். ஐந்தாம் வாரம் எழுதத்தக்க அளவு வந்தது. கல்லுக்குள் அறுபது யார் தூரம் நடக்க அதற்கு எத்தனை நாள் பிடித்தது என்பது உண்மையில் ஆர்வத்துக்குரிய விஷயம். வேறு யாரும் இதை அளந்திருக்கமாட்டார்கள்.

அவர்கள் என் போத்தலைப் பிழையாக விளங்கிக்கொண்டார்கள். மலாயா ஐயா தங்களுக்காகத் தண்ணீரைப் பார்த்துத் தருகிறார் என்று நினைத்தார்கள். நத்தார்ப் பண்டிகைக்குப் பலகாரம் கொண்டுவந்து தருவதாக யசிந்தா சொன்னாள். நான் திருத்தவில்லை. திருத்துவதென்றால் மற்றதையும் சொல்ல வேண்டும்.

ஆடிக் கடைசியில் கிணறுகளில் முழங்காலளவு தண்ணீர்தான். தண்ணீர் குறையக் குறைய அளவு கூடுவது இயற்கை. முதலில் இரண்டு ஆடுகள் செத்தன. பிறகு யாகோப்பின் தாய். காலையில் குடித்துவிட்டுத் தலைசுற்றுகிறது என்று படுத்தவள் எழும்பவில்லை. வாந்திபேதி என்றார்கள். சுகாதாரப் பரிசோதகர் நவரட்ணம் சைக்கிளில் வந்து கிணற்றில் கிருமி கொல்லும் கொண்டிஸ் தூள் போட்டார். தண்ணீர் நாவற்பழ நிறமாகிவிட்டது. நிறம் போகும்வரை குடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஏழு வீட்டுச் சனமும் ஒன்றரைக் கட்டை தள்ளி மாதா கோயில் கிணற்றுக்கு நடந்தார்கள்.

அந்தத் தூள் சயனைட்டை ஓரளவு முறிக்கும். என் அளவும் இறங்கியது. அந்த இறக்கத்தைக் கொப்பியில் காணலாம். மழை அளவு என்றால் அது ஏன் இறங்கியது என்று வக்கீலிடம் கேளுங்கள்.

மீனாம்பிகை அந்த நாட்களில் ஒரு நாள் சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னாள். "பாவம், அந்தப் பிள்ளையள் வெய்யிலுக்கை குடத்தோடை நடக்குதுகள். எங்கடை கிணத்திலை நான் அள்ளி ஊத்திவிட்டால் என்னப்பா?"

"ஊர் என்ன சொல்லும்? இணுவிலுக்குக் காதிலை விழாதோ?" என்றேன். "கலியாணம் முடியட்டும்."

அவள் சோற்றுச் சட்டியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் சொன்னதில் பிழை இருந்ததா? மாப்பிள்ளை வீட்டார் அதுவரை ஆன நகையைப் பார்த்து நாள் வைத்துவிட்டார்கள். நகையில் முக்கால்வாசி ஆகியிருந்தது. கடைசிப் பீப்பாய் ஊறிக்கொண்டிருந்தது. அதில்தான் அட்டியலுக்கான தங்கம் இருந்தது. அதை எடுத்து, கழிநீரையும் அந்தக் கிணற்றிலேயே ஊற்றினேன். கல்லுக்குள் வழி ஏற்கெனவே பிடிபட்டிருந்ததால் மூன்று நாளில் என் அளவு முன்பு எப்போதும் இல்லாத இடத்துக்கு ஏறிவிட்டது. கொண்டிஸ் தூளின் நிறமும் அதற்குள் போய்விட்டது.

அன்று பின்னேரம் நவரட்ணம் என் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்தார். "சனம் இன்னும் பயந்துகொண்டு நிக்குதுகள். நாளைக்கிடையிலை குடிக்கத் தொடங்கிச்சினமெண்டால் சரி. இல்லையெண்டால் ஒரு போத்தல் கொழும்புக்கு அனுப்பத்தான் வேணும், ஐயா" என்றார். கொழும்பில் அரசாங்க இரசாயனப் பரிசோதகர் இருக்கிறார். அவர் என்னைப்போலப் படித்தவர். ஒரு போத்தல் அவருக்குப் போதும். கலியாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

ஆகவே நீதவான் அவர்களே, யாராவது குடிக்க வேண்டியிருந்தது. இதைச் சொல்லும்போது எனக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்குப்படி வேறு வழி இல்லை.

இந்தத் தடவை செத்தவர்கள் மூன்று பேர். யாகோப்பும் இரண்டு பெண்பிள்ளைகளும். யசிந்தா எல்லாருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியில் சாப்பிடுகிற, கடைசியில் குடிக்கிற பெண். அதனால் அவள் தப்பினாள். மற்ற ஆறு வீட்டிலும் மாதா கோயில் தண்ணீர் மிச்சம் இருந்தது. அதனால் மூன்றோடு நின்றது. வாந்திபேதி திரும்பிவிட்டது என்று சனம் நினைத்தது. நவரட்ணம் மட்டும் பிள்ளைகளின் உடம்பைப் பார்த்துவிட்டு, இது வாந்திபேதி இல்லை என்று கிணற்றுத் தண்ணீர்ப் போத்தலைக் கொழும்புக்கு அனுப்பினார். மறுமொழி வரப் பதினேழு நாள் ஆனது. கலியாணம் குறித்த முகூர்த்தத்தில் குறைவில்லாமல் நடந்தது.

அருந்ததி இன்னும் என்னைப் பார்க்க வரவில்லை. புதுப்பெண், புகுந்த வீட்டில் வேலை இருக்கும். நகைகளைக் கழற்றிப் பெட்டியில் வைத்துத் தாயிடம் திருப்பி அனுப்பிவிட்டாளாம். இந்த வெய்யிலுக்குக் கழுத்தில் பாரம் கிடந்தால் வேர்க்கும்தானே.

முதல் விசாரணையில் யசிந்தா எனக்காகப் பேசினாள். கூண்டில் நின்று, "ஐயா தெரிஞ்சு சொல்லியிருக்க மாட்டார், அவர் எங்களுக்கு எப்பவும் நன்மைதான் செய்தவர்" என்று அழுதாள். என் வக்கீல் அதை இரண்டு தரம் சொல்ல வைத்தார். நீதிமன்ற எழுதுவினைஞரும் எழுதிக்கொண்டார். அது பிழையான பதிவு. நான் நேர்மையான ஆள். பிழையான பதிவு ஒன்று என் பெயரில் கிடக்க விடமாட்டேன். நடந்தது இதுதான்.

நவரட்ணம் வந்துபோன மறுநாள் காலை யசிந்தா பின்வாசல் படலையடியில் வெறும் குடத்தோடு நின்றாள். சின்னப் பிள்ளை அவள் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தியிருந்தது. நான் அப்போதுதான் கொட்டிலை விட்டு வெளியே வந்திருந்தேன்.

"ஐயா, நாவல் நிறமெல்லாம் போயிட்டுது. நடந்து நடந்து பிள்ளையளுக்குக் கால் வெடிச்சுப்போச்சு. நீங்கள் விடிய வந்து போத்திலிலை எடுத்துக்கொண்டு போனனீங்களாம், என்ரை மனுசன் சொன்னவர். இனி எங்கடை தண்ணியைக் குடிக்கலாமோ?"

"ஓம், குடிக்கலாம்" என்றேன்.

அவள் கும்பிட்டாள். அவசரத்தில் சொன்ன சொல் என்று யாரும் எழுத வேண்டாம். அன்று விடிய எடுத்த அளவு கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அவள் வருவதற்கு முன்பே இரண்டு தரம் சோதித்து முடித்திருந்தேன், இரண்டு தரமும் ஒரே அளவுதான் வந்தது.