நோரீன் கேலகர் பாலம்

சட்டமன்ற உறுப்பினரின் வேலையிலேயே கடினமானது கேக் போட்டிக்கு நடுவராக இருப்பதுதான், இன்ஸ்பெக்டர். எங்கள் ஊர் மெரிங்காவின் கண்காட்சியில் ஆண்டுதோறும் பன்னிரண்டு பெண்கள் பழக் கேக் கொண்டுவந்து வைப்பார்கள். ஒருத்திக்குப் பரிசு கொடுத்தால் பதினொரு குடும்பத்து ஓட்டு போய்விடும். நான் எப்போதும் பக்கத்துத் தொகுதிப் பெண்ணுக்கே கொடுத்துவிடுவேன். இருபத்து நான்கு ஆண்டுகள் இப்படித்தான் ஓட்டினேன்.

அதற்கு முன் ஆட்டுச் சந்தையில் ஏலம் விட்டுக்கொண்டிருந்தேன். குரல் நன்றாக இருக்கிறதென்று கட்சிக்காரர்கள் கூப்பிட்டார்கள். முதல் தேர்தலில் நாற்பத்து மூன்று ஓட்டில் ஜெயித்தேன். அந்த நாற்பத்து மூன்றும் பாலத்தால் வந்தவை. டார்கன் ஆற்றில் அப்போது இருந்தது பழைய மரப்பாலம். வெள்ளம் வந்தால் அக்கரைப் பண்ணைகள் தீவாகிவிடும். உயரமான கான்கிரீட் பாலம் கட்டித் தருவேன் என்றேன். ஊரே கை தட்டியது.

இரண்டாவது முறை ஜெயித்த பிறகு சிட்னியிலிருந்து அமைச்சர் தொலைபேசியில் அழைத்து, உன் பாலத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது என்றார். யோசித்துப் பார்த்தேன். பாலம் வந்துவிட்டால் அடுத்த தேர்தலில் எதைச் சொல்லி நிற்பது? கடற்கரைத் தொகுதிக்காரர்கள் பாவம், அவர்களுக்குக் கொடுங்கள், என் மக்கள் பொறுமைசாலிகள் என்றேன். அமைச்சர் என் பெருந்தன்மையைப் பாராட்டினார். அடுத்தடுத்து இரண்டு தேர்தல்களில் அதே பாலத்தைச் சொல்லி ஜெயித்தேன்.

நோரீன் கேலகருக்கு மட்டும் பொறுமை போய்விட்டது. அக்கரையில் செம்மறிப் பண்ணை வைத்திருந்தாள். கணவன் இறந்தபின் தனியாகவே அதை நடத்தினாள். பள்ளியில் எனக்கு முன் பெஞ்சு. ஊர்க்கூட்டத்தில் நான் பேசி முடித்ததும் எழுந்தாள்.

"மெர்வ், நாலு தேர்தலா இந்த ஆத்துல நீ வாயாலயே பாலம் கட்டிட்டு இருக்க. ஆடு அதுல நடக்க மாட்டேங்குது. இந்தத் தடவ நானே நிக்கிறேன்."

அரங்கம் சிரித்தது. நானும் சிரித்தேன், உண்மையிலேயே நன்றாகச் சொன்னாள். சிரித்தவர்கள் எத்தனை பேர் என்றும் பார்த்துக்கொண்டேன். அவள் ஜெயிப்பாள் என்று தெரிந்தது.

அந்த மாதம்தான் பொறியாளர் வந்து மரப்பாலத்தைச் சோதித்தார். நடுத் தூண்கள் இரண்டும் உள்ளே உளுத்துவிட்டன, கனரக வண்டி போகக்கூடாது, உடனே மூட வேண்டும் என்று அறிக்கை எழுதினார். நகர மன்றத்தில் நானே நேரில் கொடுத்துவிடுகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கையில் பாலத்தை மூடினால் நோரீன் பிரச்சாரம்கூடச் செய்ய வேண்டியதில்லை. உங்கள் ஆட்கள் அதை எடுத்த இழுப்பறையில்தான் அன்றிலிருந்து இருந்தது.

பிறகு மேற்கே மழை கொட்டியது. ஒரு காலை நான் முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நோரீன் அழைத்தாள். தாழ்வான நிலத்தில் வெள்ளம் ஏறுகிறது, இருநூறு ஆடுகளை லாரியில் ஏற்றி இக்கரை மேட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்றாள்.

"தண்ணி பலகையத் தொடுது மெர்வ். எஞ்சினியர் வந்து பாத்தாரே, என்ன சொன்னாரு? லாரி தாங்குமா?"

நான் அவசரப்படவில்லை. போகாதே என்றால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால் சாயங்காலக் கூட்டத்தில் அதைச் சொல்லுவாள். ஒரு வாய் தேநீர் குடித்தேன்.

"தாராளமா வா. நல்லா இருக்குன்னுதான் சொன்னாரு."

"நீ சொன்னா சரி. மேடையில ஆயிரம் பொய் சொல்லுவ. எங்கிட்ட சொன்னதில்ல."

நடுத் தூண்கள் சரிந்து லாரியோடு ஆற்றுக்குள் போனாள். மீட்புப் படகில் முதலில் ஏறியவன் நான்தான். இரண்டு நாள் தேடினோம். மூன்றாம் நாள் ஆற்றின் கீழ்வளைவில் கிடைத்தாள். சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தேன். தேவாலயத்தில் அவளைப் பற்றிப் பேசினேன். பள்ளிக்கூடத்தில் அவள் பாதிரியாரின் தொப்பிக்குள் கோழிக்குஞ்சு வைத்த கதையைச் சொன்னதும் அழுதுகொண்டிருந்தவர்களெல்லாம் சிரித்துவிட்டார்கள். என் வாழ்நாளிலேயே சிறந்த பேச்சு அது. தேர்தலில் ஆறாயிரம் ஓட்டு வித்தியாசம். அவ்வளவு பெரிய வெற்றி எனக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அதன்பின் அமைச்சரிடம் நேராகப் போய் நின்றேன். பதினான்கே மாதத்தில் கான்கிரீட் பாலம் வந்தது. அவள் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவனும் நான்தான். திறப்பு விழா அன்று நல்ல வெயில். ரொட்டியில் வைத்த சாசேஜ், பேண்டு வாத்தியம், ஊர் முழுக்க வந்திருந்தது. அவள் அண்ணன் லெஸ் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீ மட்டும் இல்லேன்னா இந்தப் பாலம் வந்திருக்காது மெர்வ்."

அவர் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். பாலம் தாங்காதென்று தெரிந்தே அவளை வரச் சொன்னேன். கொன்றது நான்தான், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றாதவன் என்று மட்டும் அதில் எங்கும் எழுதிவிடாதீர்கள், இன்ஸ்பெக்டர். அது நியாயமாக இருக்காது.