புதன்கிழமை கிராஃப்

— நான் கோவிச்சுக்கலை அப்பாதுரை. லேப்போட கண்ணாடி டிஷ்ஷையெல்லாம் எப்படிக் கழுவறீங்கன்னு மட்டும் சொல்லுங்க.

— எப்பவும் போலத்தான் மேடம். சோப்புத் தண்ணி, அப்புறம் கொழாத் தண்ணி, கடைசில டிஸ்டில்டு வாட்டர் மூணு வாட்டி. பதினெட்டு வருசமா அதே கை, அதே தொட்டி. இன்னா மேடம் ஆச்சு? ஸ்ரீவித்யா மேடம் ரூமுக்குக் கூப்புடறாங்கன்னு ஸ்டூடண்ட் அஷ்வத் தம்பி சொன்னதும் அப்டியே ஓடியாந்தேன்.

— இந்த ஸ்க்ரீனைப் பாருங்க. மீனோட கண்ணுல இருக்கற ரெட்டினா செல். காபாங்கற கெமிக்கலை ஊத்தினா செல்லுல ஓடற கரண்ட் என்ன ஆகணும்?

— ஜிவ்வுன்னு ஏறணும். ஜிங்க் ஸ்வல்ப கலந்துட்டா அடங்கிப்பூடும். காபாவ வாங்கற ரிசெப்டர ஜிங்க் அமுக்கிப் புடிச்சிக்கும்னு புள்ளைங்களுக்கு நீங்க சொல்றத எத்தினி வாட்டி கேட்டிருக்கேன்.

— இதுல நான் ஜிங்க் கலக்கவே இல்லை. மூணு மாசமா தானாவே அடங்கறது.

— அதுக்குத்தான மேடம் எல்லாருக்கும் மைசூர்பாக் குடுத்தீங்க.

— ஆமாம். செல்லே ஜிங்க்கை வெளில விட்டு தன்னைத்தானே அடக்கிக்கறதுன்னு நினைச்சேன். இன்னிக்கு சாயந்திரம் அந்தப் பேப்பரை ஜர்னலுக்கு அனுப்பணும். ரிடையர் ஆகறதுக்கு முன்னாடி இது ஒண்ணாவது என் பேர்ல நிக்கட்டும்னு ஆசை.

— அனுப்புங்க மேடம். யாரு வேணாம்னா?

— இந்த கிராஃப்தான் வேணாங்கறது. பன்னெண்டாம் தேதிலேர்ந்து பத்து நாளா கரண்ட் அடங்கவே மாட்டேங்கறது.

— மீனு மாறிடுச்சோ இன்னமோ.

— அதே மீன்தான். இன்னொண்ணும் இருக்கு. அந்த மூணு மாசத்துலயும் புதன்கிழமைல மட்டும் அடங்கினதே இல்லை. செல் சரியில்லைன்னு அந்த நாளையெல்லாம் நானே தூக்கிப் போட்டேன். ஒரு ஸ்டூடண்ட் அப்படிப் பண்ணியிருந்தா வெளுத்து வாங்கியிருப்பேன்.

— புதன்கிழமையா மேடம்?

— ஏன், புதன்கிழமை என்ன?

— ஒண்ணுமில்ல மேடம்.

— அப்பாதுரை, என்னைப் பார்த்துச் சொல்லுங்க.

— என் பொண்ணு வீணாவுக்குப் புதன்கிழமதான் லீவு. பொம்மனஹள்ளில கார்மெண்ட்ஸ்ல இருக்குது. மொத நாளே ஒக்கலிபுரத்துல நம்ம வூட்டுக்கு வந்துடும். அன்னிக்கு மட்டும் அவங்கம்மா காந்தாவ அது பாத்துக்கும்.

— காந்தாவுக்கு என்ன?

— மழைல வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு ஒடஞ்சிடுச்சி. நாலு மாசம் ஆவுது. ஆப்ரேசன் ஆச்சு, ஆனா படுத்த படுக்கை. ஒரு மாசத்துல முதுவெல்லாம் புண்ணு.

— நாலு மாசமாவா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே.

— நீங்க இந்த மீனோட மல்லுக்கட்டிக்கினு இருந்தீங்க. உங்கள வேற எதுக்கு பேஜார் பண்ணணும்னு வுட்டுட்டேன். காலைல அவள ஒருக்களிச்சிப் படுக்க வெச்சி, தொடச்சி, வெள்ளக் களிம்பு பூசிட்டு, பஸ் புடிச்சி நேரா வந்து தொட்டில கை வெப்பேன்.

— என்ன களிம்பு?

— பேரு வாய்ல வராது மேடம். மெடிக்கல்ல காட்டறதுக்குக் காலி டியூப் பையில வெச்சிருந்தேன். இந்தாங்க.

— ஜிங்க் ஆக்சைடு.

— மேடம்.

— உக்காருங்க அப்பாதுரை.

— கைய நல்லா கழுவிட்டுத்தான் மேடம் கெளம்புவேன். சத்தியமா.

— கழுவினாலும் ரேகைலயும் நகத்துக்கு அடியிலயும் ஒட்டிண்டு இருக்கும். இந்த செல்லுக்கு அதுவே ஜாஸ்தி. உங்களுக்குக் கிளவுஸ் வாங்கித் தரணும்னு எனக்குத் தோணலை பாருங்க.

— மூணு மாசம் நீங்க பட்ட பாட்ட நான்தான் கெடுத்தேனா? நான் கான்ட்ராக்ட் ஆளு மேடம். ஆபீஸ்ல தெரிஞ்சா நாளைக்கே வராதன்னுடுவாங்க.

— கிளவுஸ் குடுக்காதது நான். ஆபீஸ்ல அதைத்தான் சொல்வேன். பேப்பரை அனுப்பப் போறதில்லை. கஷ்டமாத்தான் இருக்கு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். பொய்யான ஒண்ணை அனுப்பிட்டு ரிடையர் ஆகியிருந்தேன்னா இன்னும் கஷ்டம்.

— மன்னிச்சிக்கோங்க மேடம்.

— அந்த வார்த்தை வேண்டாம். ஒண்ணு கேக்கட்டுமா?

— கேளுங்க.

— பன்னெண்டாம் தேதிலேர்ந்து நீங்க களிம்பு பூசலை, இல்லையா?

— பூசல மேடம்.

— பதினொண்ணாம் தேதி வேலைக்கும் வரலை. ரெஜிஸ்டர்ல பார்த்தேன்.

— ஆமா மேடம். வரல.

— எப்படிக் கேக்கறதுன்னு தெரியலை அப்பாதுரை. காந்தா... இத்தனை நாளா யார்கிட்டயும் சொல்லாம, இப்படித் தனியாவா டிஷ் கழுவிண்டு இருந்தீங்க?

— அய்யோ, அழுவாதீங்க மேடம். நீங்க இவ்ளோ பெருசா தொலச்சிட்டு ஒக்காந்திருக்கறப்போ என் சந்தோசத்த எப்டிச் சொல்றதுன்னு முழுங்கிக்கினு இருந்தேன். காந்தாவுக்குப் புண்ணு ஆறிடுச்சி. அன்னிக்குக் காலைல சுவத்தப் புடிச்சிக்கினு அவளா எழுந்து நின்னா, அத வுட்டுட்டு வேலைக்கு வர மனசு வரல.