அண்ணன் கையிலிருந்த கயிறு

பெயர் வேலுத்தாய். வயது சுமார் முப்பத்திரண்டு. கணவர் பெயர் பழனிமுத்து என்கிற ஏசுவடியான். அடுக்கம் கிராமத்துக்கு மேலே தேன்பாறைக் குடியிருப்பில் வசிக்கிறேன். மலைத்தேன் எடுப்பதும் காப்பித் தோட்டங்களில் கூலிக்குப் போவதும் எங்கள் பிழைப்பு. 1961-ம் வருஷம் ஜூன் மாதம் கோடைக்கானல் போலீஸ் நிலையத்தில் என்னை விசாரித்தபோது நான் சொன்னதாவது:

என் கணவர் தொடை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அவரைக் கொல்லும் எண்ணத்தோடு தேன்பாறையில் கயிற்றை விட்டுவிட்டதாகத் தேன் குத்தகைக்காரர் மனு கொடுத்ததன் பேரில், என் உடன்பிறந்த அண்ணன் சின்னக்கருப்பனை இங்கே பிடித்து வைத்திருக்கிறார்கள். கயிறு அறுந்துவிட்டது என்று நான் முதலில் ஏட்டய்யாவிடம் சொன்னேன். அது பொய். கயிறு அறுந்துபோகவில்லை. அண்ணன் கையிலிருந்துதான் நழுவியது. எப்படி நழுவியது என்பதைச் சொல்கிறேன்.

எங்கள் குடியில் பாறையில் இறங்குகிறவனுக்கு அவன் மச்சான்தான் கயிறு பிடிக்க வேண்டும். கூடப் பிறந்த தம்பி பிடிக்கக் கூடாது. தம்பிக்குப் பங்கின் மேல் கண் இருக்கும், மச்சான் தன் தங்கச்சி தாலியை அறுக்க மாட்டான் என்று வைத்த வழக்கம் அது. கல்யாணமான புதிதில் என் அண்ணன்தான் பிடித்து வந்தான். அதன் பிறகு என் கணவர் வத்தலக்குண்டு பக்கம் திருட்டுச் சாராயம் சுமக்கப் போனார். சுமந்ததைக் குடித்தார். குடித்துவிட்டு என்னை அடித்தார். வாயைத் திறந்தால் பொய். ஒரு நாள் என் முன்பல் போனதைப் பார்த்த அண்ணன், "இனி இவனுக்குக் கயிறு பிடிச்சா நான் எங்கப்பனுக்குப் பிறக்கல" என்று எல்லார் முன்பாகவும் சொன்னான். "அந்தக் கையவே வெட்டுறேன்" என்று என் கணவர் அரிவாளை எடுத்தார். இது ஊருக்கே தெரியும். குத்தகைக்காரர் இதை வைத்துத்தான் பேசுகிறார். அதிலிருந்து என் கணவர் பாறைக்குப் போகவில்லை.

அதன் பிறகு ஒரு மழை நாளில் அவர் சாராய டின்னோடு அடுக்கத்து ஜெபக் கொட்டகையில் ஒதுங்கினார். அங்கிருந்த உபதேசியார் மாசிலாமணி கடுங்காப்பி கொடுத்திருக்கிறார். "டின்னுல என்னன்னு கேக்கலையே?" என்று இவர் கேட்டதற்கு, "நீரே சொல்லுவீர்னுதான் இருக்கேன்" என்றாராம். இவர் சொல்லிவிட்டார். தனக்குத் தெரிந்து ஒருவரிடம் உண்மை சொன்னது அதுதான் முதல் தடவை என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். டின்னைச் சாராயக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு ஞாயிறுதோறும் கொட்டகைக்குப் போனார். ஓடையில் முழுக்கு ஞானஸ்நானமும் எடுத்தார். நான் எடுக்கவில்லை. "நாய் வால நிமித்தப் போறாகளாக்கும்" என்று சிரித்தேன்.

நான் சொன்னபடி ஒரு முறை குடித்தும் விட்டார். அன்று குடிசைக்குள் வராமல் வெளியே பனியில் கிடந்தார். மறுநாளே உபதேசியாரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அதன் பிறகு தொடவில்லை. நான் கோபக்காரி, சும்மா இருக்க மாட்டேன். வேண்டுமென்றே வாயைக் கொடுத்துச் சோதித்துப் பார்த்திருக்கிறேன். கை ஓங்கும், ஆனால் மேலே விழாது. எழுந்து வெளியே போய் விறகு பிளப்பார். "பழைய ஆளு இன்னும் சாகல வேலு, தெனமும் சாகடிக்க வேண்டியிருக்கு" என்பார். அந்த வருஷம் அடைமழைக்கு எங்கள் குடிசையில் விறகுக்குப் பஞ்சமில்லை.

அதன் பிறகு இந்த வைகாசியில் அவராகவே என் அண்ணன் குடிசைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். "மச்சான், போன பல்ல நான் ஒட்ட வைக்க ஏலாது. நான் செஞ்சது பாவம். நீ கயிறு பிடிச்சாத்தான் நான் பாறையில எறங்குவேன்" என்றார். அண்ணன் துப்பினான். "எங் கையில உசிரக் குடுக்கப் பயமில்லையாக்கும்?" என்று கேட்டான். "பயந்தான். ஆனாலும் ஒங்கிட்டதான் குடுக்கணும்" என்றார். கடைசியில் அண்ணன் விடிய வருவதாகச் சொன்னான்.

மறுநாள் வெள்ளனே மூவரும் பாறைத் தலைக்குப் போனோம். இறங்குமுன் பாறைச்சாமிக்குச் சிரட்டையில் சாராயம் வைத்து, இறங்குகிறவன் ஒரு சிரட்டையும் கயிறு பிடிக்கிறவன் ஒரு சிரட்டையும் குடிக்க வேண்டும். மிச்சம் வைக்கவோ கீழே கொட்டவோ கூடாது. வைத்தால் பாறை ஆளைக் காவு கேட்கும் என்பார்கள். என் கணவர் குடிக்க மாட்டேன் என்றார். அண்ணன் பயந்து போனான். "ஒஞ் சாமி கெடக்கட்டும், ஒம் பங்கு அப்படியே இருக்கே மாப்ள" என்றான். "அப்ப அதையும் நீயே குடிச்சிரு மச்சான்" என்று என் கணவர் தன் சிரட்டையை அவன் கையில் கொடுத்தார். அண்ணன் இரண்டையும் குடித்தான். அவன் குடிகாரன் அல்ல. வருஷத்துக்கு அந்த ஒரு சிரட்டைதான் அவனுக்குப் பழக்கம். தடுத்திருக்க வேண்டிய நானும் தடுக்கவில்லை.

அதன் பிறகு கயிற்றை மரத்தில் சுற்றி, நுனியைப் பிடித்து அண்ணன் இறக்கினான். நான் புகைக் கட்டோடு பக்கத்தில் நின்றேன். முதல் அடையை அறுத்ததும் தேனீ மேலே வந்து அண்ணன் முகத்தில் மொய்த்தது. ஒரு கையால் விரட்டப் போனவன் கால் தடுமாறி விழுந்தான். கயிறு ஓடியது. விழுந்தபடியே இரண்டு கையாலும் எட்டிப் பிடித்து நிறுத்தினான். அதனால்தான் என் கணவர் பள்ளத்துக்குப் போகாமல் நடுத்திட்டில் மோதி நின்றார். ஐயா, என் அண்ணன் உள்ளங்கைக் கட்டுகளை அவிழ்த்துப் பாருங்கள். தோல் இல்லை. கொல்ல நினைத்தவன் ஓடுகிற கயிற்றை அப்படிப் பிடிக்க மாட்டான்.

அதன் பிறகு ஆட்களைக் கூப்பிட்டு, டோலி கட்டி, கோடைக்கானலுக்குத் தூக்கி வந்தோம். "அண்ணே, ஓடிப் போயிரு" என்றேன். அவன் ஓடவில்லை. அந்தக் கையோடு டோலிக்கு முன்னால் தோள் கொடுத்தான். ஆஸ்பத்திரி வாசலில் அவனைப் பிடித்தார்கள்.

நான் என் கணவரிடம் போய், கயிறு அறுந்தது என்று சொல்லச் சொன்னேன். மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது, குடித்ததைச் சொன்னால் அண்ணன் ஜெயிலுக்குப் போவான் என்றேன். அவர் மாட்டேன் என்றார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "பொய் சொல்லிப் பொய் சொல்லி என் வயித்தெரிச்சலக் கொட்டிக்கிட்டீரே, இப்ப எங்கண்ணனுக்காக ஒரே ஒரு பொய் வரலையா?" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். அவருடைய சாமியையும் திட்டினேன். அவர் கோபப்படவில்லை. "ஒண்ண உள்ள விட்டா பழசெல்லாம் பின்னாலயே வந்துரும் வேலு. மச்சான் கை தவறிச்சு. தவற வச்சது எஞ் சிரட்டை. ரெண்டையும் சொல்லுவேன்" என்றார். சாராயம் கொடுத்த குற்றம் தன் மேல் வரும் என்று தெரிந்தேதான் சொன்னார். அதன் பிறகு நர்ஸம்மாவிடம் சொல்லி ஏட்டய்யாவை வரவழைத்து அப்படியே எழுதிக் கொடுத்தார்.

இன்று காலை நான் அண்ணனைப் பார்த்து, "ஒங்க மாப்ள எல்லாத்தையும் சொல்லிப்புட்டாரு" என்று அழுதேன். "என்னப் பத்தி என்ன சொன்னான்?" என்று கேட்டான். "காலு கூடிட்டா அடுத்த வைகாசிக்கும் மச்சாந்தான் கயிறு பிடிக்கணும்னு சொன்னாரு" என்றேன். எங்கள் அப்பன் செத்ததற்கும் அழாத என் அண்ணன், துணி சுற்றிய கையால் முகத்தை மூடிக்கொண்டு சத்தமாக அழுதான். பிறகு, "நீயும் நெசத்தையே சொல்லிரு தங்கச்சி" என்றான். அதனால்தான் வந்து சொல்கிறேன்.

இரண்டு பேரும் குற்றம் செய்தது உண்மை. தண்டிக்க வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. அண்ணனை மட்டும் அடுத்த வைகாசிக்கு முன் விட்டுவிட வேண்டும். வேறு யார் கயிறு பிடித்தாலும் என் கணவர் இறங்க மாட்டார். நானும் இறங்க விட மாட்டேன்.

மேலே எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. இதில் பொய் ஒன்றும் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாததால் கைநாட்டு வைக்கிறேன்.

வேலுத்தாய், இடது பெருவிரல் ரேகை.