நகர்ந்த நட்சத்திரம்

குன்றாண்டார்கோவிலிலிருந்து கீரனூர் வரும் காலை பஸ்ஸில் இரண்டு பேருக்குச் சேர்ந்தாற்போல் இடம் கிடைப்பதில்லை, ஐயா. நானும் என் மனைவி ஷர்லியும் ஒன்பது வருடம் நின்றபடியேதான் வந்தோம். இருவருக்கும் ஒரே லேபில் வேலை. ஒலியைவிடப் பல மடங்கு வேகத்தில் பறக்கும் ஊர்திகளுக்கு, நட்சத்திரத்தைப் பார்த்துத் திசை அறியும் கேமராவைச் சோதிக்கிற இடம். கேமரா அவள் பொறுப்பு. அதன் முன்னால் வரும் கண்ணாடி என் பொறுப்பு.

அந்த வேகத்தில் கண்ணாடியை ஒட்டிய காற்று நெருக்குண்டு கொதிக்கும். அதன் வழியே வரும் வெளிச்சம் வளையும். அதே வேகத்தில் காற்றைப் பாய்ச்சிச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தில், நட்சத்திரத்துக்குப் பதில் ஒரு விளக்கை வைத்துப் பார்த்தோம். விளக்கு இருந்த இடம் ஒன்று, கேமரா காட்டிய இடம் வேறு. ஷர்லி அதை எழுதிக் கொடுத்தாள். இயக்குநர் ராம்நாத் எல்லோர் முன்னாலும் சிரித்தார்.

"ஏம்மா, நட்சத்திரம் ஆடுதா, இல்ல பஸ்ஸுல குலுங்கி வந்த ஒன் கண்ணு ஆடுதா?"

"ஆடலை சார், நகருது. எல்லாத் தடவையும் ஒரே பக்கமா, ஒரே அளவு. அளந்து கழிச்சுட்டாச் சரியாப் போயிரும்."

"ஒன் வீட்டுக்காரர் கண்ணாடியைக் கோணலா மாட்டியிருப்பாரு. திரும்ப ஓட்டு."

ஆறு தடவை ஓட்டினாள். ஏழாவது தடவை கண்ணாடி வெடித்தது. அவள் கேமராவின் பக்கத்தில் நின்றிருந்தாள்.

விசாரணையில் ராம்நாத், "அந்தம்மாவுக்குப் பிடிவாதம்" என்றார். நாலு மாதத்தில் அவளுடைய கண்டுபிடிப்பைத் தன் பெயரில் வெளியிட்டார்.

போன செவ்வாய்க்கிழமை அதைச் செய்துகாட்ட ஒத்திகை. கண்ணாடியின் விளிம்பில் மயிரிழைபோல் ஒரு விரிசலைப் பார்த்தேன். அலமாரியில் புதுக் கண்ணாடி இருந்தது. விரிசல் விட்டதையே பொருத்தினேன்.

"சார், இங்கிட்டு நின்னா நல்லாத் தெரியும்."

நின்றார். ஸ்டோர் கீப்பர் ஆரோக்கியதாஸ் அண்ணனும் வேடிக்கை பார்க்க அவர் பக்கத்தில் வந்து நின்றார். என் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர். அவரைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் ராம்நாத்தும் கூடவே விலகியிருப்பார். காற்றைத் திறந்துவிட்டேன். இரண்டு பேரையும் கொன்றது நான்தான்.

ஷர்லி இறந்த அன்று கண்ணாடியைப் பரிசோதித்தது யார் என்று கேட்டீர்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் டார்ச் அடித்து விளிம்பைப் பார்க்க வேண்டும். ஆனால் அந்த வாரத்துக்கான படிவங்களில் திங்கட்கிழமையே மொத்தமாகக் கையெழுத்துப் போட்டுவிடுவது எங்கள் வழக்கம். ஏழாவது ஓட்டத்துக்கு முன், "பாத்துட்டீங்களாங்க?" என்று கேட்டாள். "பாத்தாச்சு" என்றேன்.

அதற்கும் ராம்நாத்தான் பொறுப்பு, ஐயா. ஓட்டச் சொன்னது அவர்.